டேஞ்சர் யாருடையது?

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான்: டேஞ்சர். மண்டையோடு வரைந்து டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டியிருப்பார்களே, அதே டேஞ்சர். இதன் பூர்வீகத்தைத் தோண்டினால் விபத்து எதுவும் கிடைக்காது. ஒரு எஜமான்தான் கிடைப்பார்.

லத்தீனில் அவர் பெயர் தோமினுஸ். வீட்டுக்கு உடையவர். (தினமும் 'மேடம்' என்கிறோமே, அதுவும் இவர் குடும்பம்தான்.) இதிலிருந்து பழைய பிரெஞ்சில் வந்த சொல்லுக்கு, ஒரு பிரபு தன் குடிகள் மேல் செலுத்தும் அதிகாரம் என்று பொருள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நிலமும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் கைக்குப் போயின. அப்புறம் இந்தச் சொல்லும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 'அவருடைய டேஞ்சரில் இருக்கிறேன்' என்றால் அவர் பிடியில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்த உதாரணம் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். அவருடைய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில், சர்ச் நீதிமன்றத்துக்கு ஆள் கூப்பிடுகிற சேவகன் ஒருவன் வருவான். முகமெல்லாம் பரு, பூண்டும் வெங்காயமும் என்றால் உயிர், குடித்துவிட்டால் லத்தீன்தான் பேசுவான். அந்த மறைமாவட்டத்து இளசுகளை அவன் தன் 'டேஞ்சரில்' வைத்திருந்தான் என்கிறார் சாசர். எல்லோருடைய ரகசியமும் அவனுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் அவன் சொன்னபடி ஆடவேண்டும். இதைவிடத் தெளிவாக அகராதிகூடச் சொல்லாது!

இன்னொருவன் பிடியில் இருந்தால் எப்போது அடி விழும் என்று தெரியாது, இல்லையா? சாசர் காலத்திலேயே அந்த அடியின் பயமும் பொருளாகிவிட்டது. போகப்போக எஜமான் கழன்றுகொண்டார், பயம் மட்டும் நின்றது. ஆனால் பழைய பொருள் லேசில் சாகவில்லை. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில், வக்கீல் வேடத்தில் வரும் போர்ஷியா கடன்பட்ட அன்டோனியோவிடம், 'நீர் இவருடைய டேஞ்சருக்குள் நிற்கிறீர், அப்படித்தானே?' என்று கேட்பாள். எதிரே கத்தியோடு கடன் கொடுத்த ஷைலாக். இரண்டு அர்த்தமும் பொருந்துகிற இடம் அது.

1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இந்தப் பழைய வாடை உண்டு. காரணமில்லாமல் சகோதரன்மேல் கோபப்படுகிறவன் தீர்ப்பின் 'டேஞ்சரில்' இருக்கிறான் என்கிறது மத்தேயு 5:22. தீர்ப்பு வந்தாலும் வரலாம் என்பதல்ல; அதற்கு உட்பட்டவன் என்பதே பொருள். நம்முடைய பழைய தமிழ் பைபிளில் அதே வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஆபத்து என்ற பேச்சே இருக்காது. 'நியாயத்தீர்ப்புக்கு ஏதுவாயிருப்பான்' என்றுதான் இருக்கும்.