பெப்ரவரியில் காணி பார்க்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபிசில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். சொந்த வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். கிட்டத்தட்ட அறுபது வயது வரைக்கும் எனக்குச் சொந்த வீடு கிடையாது.

தோட்டத்தில் ஸ்டாஃப் ஆக இருந்தவர்களுக்கு இது தெரியும். குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி, பக்கத்தில் கோவாவும் லீக்ஸும் போட ஒரு துண்டு நிலம். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, படித்து, கல்யாணமும் கட்டுவார்கள். ரிட்டயர் ஆகும் நாளில் சாவியை ஆபிஸ் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். லயத்தில் இருக்கிற தொழிலாளர்கள் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்குக் காம்பரா, வேலையோடு சேர்த்துக் கட்டிய கூரை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை படுத்து எழும்புவதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஐம்பத்தைந்து ஆனபோது என் மனைவி ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், “ஏங்க, இந்தச் சாவியைக் கொடுத்துட்டு நாம எங்கங்க போறது?” அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

பெரிய வேடிக்கை என்னவென்றால், சுற்றிலும் காணி. கண் எட்டிய தூரம் தேயிலை. வாங்குவதற்கு மட்டும் காணி இல்லை. 1972லும் 1975லும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நடத்தும் பொறுப்பைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் இன்றும் பெரும்பாலும் அரசுடையதுதான். ஆக, ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை மாதிரி டவுன்களை ஒட்டித் தனியார் கையில் இருப்பது கொஞ்சம் காணி. அதற்குப் போட்டி. அதனால் விலை. ஆயிரம் ஏக்கருக்குக் கணக்கு எழுதினவன் பத்து பேர்ச்சுக்காக, அதாவது சுமார் 2,700 சதுர அடிக்காக, நாலு வருடம் அலைந்தேன்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். மகனுக்குக் கொழும்பில் வேலை. “அப்பா, வத்தளைக்கு வாங்க, நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க” என்றான். இருக்கிறார்கள்தான். ஆனால் அங்கே ஒரு பேர்ச் விலையைக் கேட்டுவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். களனி ஆறு பெருகினால் எந்தத் தெரு வரை தண்ணீர் வரும் என்று வேறு அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவியின் சொந்தக்காரர்கள் பண்டாரவளையில். நல்ல சீதோஷ்ணம். தென்மேற்குப் பருவமழையை நடுமலை மறித்துவிடுவதால் நம் பக்கம் அளவுக்கு அங்கே கொட்டாது. ஆனால் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது கிணற்றைப் பார்க்க வேண்டும். போத்தலோடு வரிசையில் நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். மகள் ஹட்டனில் டீச்சர். அவள் எந்த ஊரையும் சொல்லவில்லை. “பஸ்ஸு நிக்கிற இடமா பாருங்கப்பா” என்றாள். அந்த ஒரு வார்த்தையின் பெறுமதி எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்குப் புரிந்தது விலைதான். கினிகத்தேனைப் பக்கம் ஒரு இருபது பேர்ச் காணி மலிவாக வந்தது. தரகர் பெப்ரவரி மாதத்தில் கூட்டிப்போனார். நல்ல வெயில். கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் ஆறு, காணியில் நாலு கிராம்பு மரம், இரண்டு பலா. மனைவி அங்கேயே நின்று, “குசினி இந்தப் பக்கம், சாமி அறை அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டி வீட்டைக் கட்டிவிட்டாள். நான் அட்வான்ஸ் கொடுக்கத் தயார்.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறுத்தியது. தோட்டத்து ஆபிசில் என் முதல் வேலை என்ன தெரியுமா? காலையில் மழைமானியைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது. ஆட்களின் பேர் பதியும் செக்ரோலுக்கும் முன்னால் அது. முப்பத்திரண்டு வருடம் மழையை எழுதியவன், ஒரு துளி மழை இல்லாத மாதத்தில் காணி பார்க்கப் போயிருக்கிறேன். கினிகத்தேனை, வட்டவளை எல்லாம் இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் பக்கம். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். பெப்ரவரியில் அந்தக் காணி சேலை கட்டி நிற்கும் கல்யாணப் பெண் மாதிரிதான் இருக்கும்.

அதனால் ஜூலையில், தரகருக்குச் சொல்லாமல், குடையோடு தனியாகப் போனேன். நாலு கிராம்பு மரத்தில் இரண்டு சரிவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. பெப்ரவரியிலும் சாய்ந்துதான் இருந்திருக்கும், என் கண்ணில் படவில்லை. அடி சாய்ந்து, நுனி மட்டும் மறுபடி நிமிர்ந்து வளைந்த மரம். நிலம் மெதுவாக நகர்கிறது, மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கிறது என்று அர்த்தம். பாதைக்காக மண்ணை நேர்செங்குத்தாக வெட்டிய இடத்தில், அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. வெயிலில் அங்கே ஊற்று இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு, என் சுண்டுவிரல் நுழையும் அகலம். பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். “அதுவா தம்பி, அது மழைக்கு விரியும், வெயிலுக்கு மூடிக்கும்” என்றார். காணிக்காரர் சொல்லாததை அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை என்று எங்கும் மலை இறங்கியபோது அந்தக் காணி நினைவுக்கு வந்தது. போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், மன்னிக்கவும். நம் பக்கம் மண்சரிவு திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. சரிவின் அடியை வெட்டி, தாங்குசுவர் கட்டாமல் விட்டால், கானு அடைத்துத் தண்ணீர் மண்ணுக்குள்ளே இறங்கினால், அது வரும் வழியை நாமே போட்டுக் கொடுக்கிறோம். கதவு திடீரென்று நிலையில் இறுகுவது, லைட் கம்பம் சாய்வது, தரையில் புது வெடிப்பு எல்லாம் அது அனுப்பும் கடிதம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று அதற்குப் பல வருடம் முன்பே சொல்லியிருந்தார்கள். போங்கள் என்று சொன்னார்கள். எங்கே போவது என்பதற்குத்தான் பதில் இல்லை.

காணி வாங்கும் நமக்கு அந்தப் பதிலைத் தேட வழி இருக்கிறது. நம் மாவட்டங்களில் வீடு கட்ட பிரதேச சபையிடம் அனுமதி கேட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். எல்லாரும் காணியை எழுதி முடித்த பிறகு அதற்கு ஓடுகிறார்கள். முழுப் பணத்தையும் கொடுக்கும் முன்னால் அந்த இடத்தைப் பற்றி அவர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் சொல்லும் மழைக் கணக்கையும் மனதில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 என்றால் வெளியேறத் தயாராகு, 150 என்றால் நிற்காதே. மழைமானி இல்லையா? பக்கம் நேராக இருக்கும் ஜாம் போத்தல் ஒன்றும் பிள்ளையின் அடிமட்டமும் போதும்.

சரி, உறுதி விஷயம், அதாவது காணிப் பத்திரம். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். இரண்டாவதாகப் பார்த்த காணிக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். விற்றவர் காட்டியது அனுமதிப் பத்திரம். முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. எனக்கு அதைச் சொன்னவர் உறுதி எழுதும் நொத்தாரிசு. பணம் கொடுத்துப் பத்து நாள் கழித்துத்தான் அவரிடம் போனேன் என்பது என் புத்திசாலித்தனம். அந்த ஐம்பதாயிரம் திரும்பவில்லை. ஆளைப் பற்றி நான் பேசவில்லை. அவசரப்பட்டது நான்.

அதனால் முதலில் நொத்தாரிசு, பிறகு தரகர். காணிப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். நில அளவையாளரின் பிளானில் பாதை வரைந்திருக்கிறதா, எத்தனை அடி என்று பாருங்கள். “இந்த வழியாத்தான் எல்லாரும் போறோம்” என்பது பாதை அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசு. தோட்டத்துக் காணியில் கை மாறி வரும் துண்டை வெறும் கடதாசியை நம்பி வாங்கவே வேண்டாம்.

செலவைக் கூட்டும்போது முத்திரைத் தீர்வையை மறந்துவிடுகிறோம். முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 20 லட்சத்துக் காணி என்றால் 79,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேலே. வங்கிக் கடன் எடுக்கலாம், வட்டி ஏறி இறங்குவது என்று எழுதியிருந்தால் மட்டும் 2022இல் வட்டி ஏறியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடம் பங்களிப்பும் கணக்கில் மூன்று லட்சமும் இருக்கிறவர்கள் வீட்டுக்காக 30 சதவீதத்தை முன்கூட்டி எடுக்க வழி உண்டு. எடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வீட்டுத் திட்டத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடு என்று சொன்ன கூட்டத்தில் நானும் வெயிலில் நின்றேன். ஸ்டாஃபுக்கு இல்லை என்று தெரிந்துதான் நின்றேன். அப்போது ஒரு வீட்டுக்குக் கொடுத்த ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. சின்னதுதான், ஆனால் தனிக்கூரை. வரிசையை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் போன பிறகும் உறுதி கைக்கு வரும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது டிக்கோயாப் பக்கம், பத்தே பேர்ச். பள்ளத்தாக்கு தெரியாது. முன்னால் தெரிவது இன்னொருவர் வீட்டுத் தகரம். ஆனால் ஹட்டன் பஸ் வாசலில் நிற்கும். கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலில் பத்து நிமிடம். பழைய தோட்டத்தில் ஒரு சாவு, கல்யாணம் என்றால் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம். இதை வாங்கும் முன் மூன்று மழைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை காணிக்காரர், “கிளாக்கர் ஐயா, வாங்கப் போறீங்களா, இல்ல மழை அளக்க வந்தீங்களா?” என்று கேட்டார்.

அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, ஓர் அறையும் குசினியும் முடித்ததும் குடிபோனோம். மேசன் பாஸ் மற்ற அறைக்குப் பூச்சுப் பூச வருவதற்குள் ஒரு மூட்டை சிமெந்து மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சுவர் இன்னும் கல்லாகத்தான் நிற்கிறது. பேரப்பிள்ளைகள் அதில் கரிக்கட்டியால் உயரம் குறிக்கிறார்கள். பூசினால் அழிந்துவிடுமே என்று மனைவி இப்போது பூச விடுவதில்லை.

குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்த நாளில் மழை ரெஜிஸ்டரையும் புதுக் கிளாக்கர் தம்பியிடம் கொடுத்தேன். கை சும்மா இருக்கவில்லை. மதில் மேலே ஒரு ஜாம் போத்தல் வைத்திருக்கிறேன். இன்று காலை இங்கே புறப்படும் முன் பார்த்தேன், 14 மில்லிமீட்டர். வாசல் கானு அடைக்காமல் ஓடியது. வணக்கம்.