போலிப் பொம்மை எங்கே பிடிபடுகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கும் பஞ்சுப் பொம்மைகளில் போலி எது, அசல் எது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டறிவது எப்படி என்பது இன்றைய உரையின் பொருள். பொம்மையில்கூடப் போலியா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். 1994 ஆம் ஆண்டு லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 'டெடி கேர்ள்' என்ற பழைய ஸ்டைஃப் கரடிப் பொம்மை 1,10,000 பவுண்டுக்கு விலைபோனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்துக்குப் போலி வராமல் இருக்குமா?

இந்தத் தொல்லை நேற்று முளைத்ததும் அன்று. ஜெர்மனியின் கீங்கன் நகரில் மார்கரெட்டே ஸ்டைஃப் தொடங்கிய, அந்தக் கரடியைச் செய்த நிறுவனம், பிறர் செய்யும் நகல்களிலிருந்து தன் பொம்மைகளைப் பிரித்துக் காட்டுவதற்காக, 1904 ஆம் ஆண்டிலேயே பொம்மையின் இடது காதில் ஓர் உலோகப் பொத்தானைப் பதிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை நடப்பது ஒரே ஆட்டம்தான்: நிறுவனம் ஓர் அடையாளத்தை வைக்கிறது, வாங்குபவர்கள் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் போலி செய்பவர் முதல் வேலையாக அதையே நகலெடுத்துவிடுகிறார். ஆகவே, ஊரறிந்த அடையாளம் ஒன்று பொம்மையில் இருப்பது அது அசல் என்பதற்குச் சான்றாகாது. அது இல்லாமலோ தவறாகவோ இருந்தால்தான் ஐயப்பட நமக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

இதற்கு லபுபு நல்ல எடுத்துக்காட்டு. ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் 2015 இல் உருவாக்கிய இந்தக் குறும்புக்காரப் பாத்திரத்தைப் பாப் மார்ட் நிறுவனம் பொம்மையாக்கி விற்கிறது. அதன் போலிகளுக்கு 'லஃபுஃபு' என்று தனிப் பெயரே வழங்கத் தொடங்கிவிட்டது. அசல் லபுபுவுக்கு ஒன்பது பற்கள் என்ற செய்தி பரவியதும், எல்லோரும் பல்லை எண்ணத் தொடங்கினார்கள். பத்துப் பல் இருந்தால் போலி என்பது சரியே. ஆனால் ஒன்பது பல் இருப்பதாலேயே அசல் என்று கொள்ள முடியாது, ஏனெனில் எண்ணுவதற்குப் போலி செய்பவருக்கும் தெரியும்.

பொம்மை அசலா என்று சரிபார்க்கப் பெட்டியில் அச்சடிக்கப்படும் கியூஆர் குறியீட்டின் கதையும் இதுதான். அசல் பெட்டியில் இருக்கும் குறியீட்டைப் படமெடுத்து ஆயிரம் பெட்டிகளில் அச்சடித்தால், ஆயிரமும் நிறுவனத்தின் உண்மையான பக்கத்துக்கே நம்மைக் கொண்டுசேர்க்கும். இன்னும் சிலர், நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் போலவே ஒன்றை உருவாக்கி, 'உங்கள் பொம்மை அசல்' என்று அதில் அவர்களே எழுதி வைத்துவிடுகிறார்கள். எனவே, திறக்கும் பக்கத்தின் அழகைப் பார்க்காமல், அதன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று ஒரு விதி சொல்வார்கள். அதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அமெரிக்காவின் டை நிறுவனம் 1993 இல் அறிமுகப்படுத்திய பீனி பேபி பொம்மைகள் சிலவற்றில் மாட்டியிருந்த அசல் அடையாளச் சீட்டிலேயே கோஸ்போர்ட் என்ற ஊரின் பெயர் காஸ்போர்ட் என்று தவறாக அச்சாகியிருந்தது. அந்தப் பிழையைக் காட்டியே, கிடைப்பதற்கு அரியது என்று விலையேற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அச்சுப் பிழை ஐயத்தைக் கிளப்பலாம், தீர்ப்பு வழங்காது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? என் கருத்தில், எங்கே சரியாகச் செய்வதற்குக் காசும் நேரமும் பிடிக்குமோ அங்கே பார்க்க வேண்டும். பெட்டியையும் சீட்டையும் அச்சடிப்பது மலிவு, தையல் மலிவன்று. பொம்மையின் கழுத்தையும் அக்குளையும் காதின் அடியையும் விரலால் பிரித்துப் பாருங்கள். நல்ல தையலில் கண்ணி நெருக்கமாகவும் ஒரே அளவிலும் ஓடும், இரு பக்கத் துணியும் கோணாமல் சேரும், முடி தையலுக்குள் சிக்கிக் கொத்தாகப் பிதுங்காது. போலியில் பெரும்பாலும் ஒரு காது சற்றே முன்னால் திரும்பியிருக்கும், நூல் முனை வெட்டப்படாமல் தொங்கும், முடியைக் கோதினால் அடித்துணி பளிச்சென்று தெரியும். முகம் வினைலால் ஆனதென்றால், முகமும் உடலும் சேரும் ஓரத்தில் பசைத் தடமும், வரைந்த கண்ணின் கோட்டுக்கு வெளியே வழிந்த வண்ணமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முடிந்தால், ஐயமில்லாத அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

பழம்பொம்மைகளுக்கு வேறு கண் வேண்டும். ஸ்டைஃப் பொத்தானைக் கழற்றி வேறொரு கரடியின் காதில் பொருத்திவிட முடியும் என்பதால், பொத்தானைவிட அதைச் சுற்றியுள்ள துணியே அதிகம் பேசும். பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்த உலோகத்தைச் சுற்றித் துணி அமுங்கியும் கறைபடிந்தும் இருப்பது இயல்பு. தேய்மானமும் அப்படியே. குழந்தை அணைத்துத் தேய்ந்த பொம்மைக்கு மூக்கும் வயிறும் உள்ளங்கையும் முதலில் வழுக்கையாகும், மடிப்புகளுக்குள் முடி அடர்த்தியாகவே இருக்கும். உடல் முழுதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், அதைத் தேய்த்தது குழந்தை அன்று.

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. துணியை வெண்மையாக்கும் ஒளிர்வுப் பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தவை என்பதால், 1910 ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கரடியின் தையல் நூல் நீலமாக ஒளிர்ந்தால் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஆயினும், பழைய கரடியை யாரேனும் இக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். நூல் மட்டும் பின்னாளில் செப்பனிடப்பட்டதாகவும் இருக்கலாம்.

இவை எல்லாம் பொம்மை கைக்கு எட்டினால்தான். இன்று பெரும்பாலான வாங்கல்கள் படத்தைப் பார்த்தே நடப்பதால், பொம்மையைவிட விற்பவரை முதலில் ஆராய வேண்டும். அவர் போட்டிருக்கும் படத்தை இணையத்தில் படத்தேடல் செய்தால், அதே படம் வேறு பலரின் விற்பனையிலும் இருப்பது சில சமயம் தெரியவரும். பாதத்தின் அடிப்பகுதி, சீட்டு தைக்கப்பட்ட இடம் ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுத்த படமும், அன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுத்தாளைப் பொம்மைக்கு அருகில் வைத்து எடுத்த படமும் கேளுங்கள். பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. அதற்கும் சாக்குச் சொல்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. 'தொழிற்சாலையில் மிஞ்சியது, பெட்டி மட்டும்தான் இல்லை, பொருள் அசல்' என்ற பேச்சை நான் கொஞ்சமும் நம்புவதில்லை. அது உண்மையாகவே இருந்தாலும், தரச் சோதனையில் தேறாமல் கழிக்கப்பட்ட பொருளுக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

பொட்டலம் வந்ததும், பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, சீட்டு எதையும் வெட்டாமல் சோதியுங்கள். சீட்டை அறுத்த பிறகு திருப்பி அனுப்புவது கடினம். போலி என்று தெரிந்து, பணமும் திரும்பாத நிலையில், போனது போகட்டும் என்று அதை வீட்டுக் குழந்தையிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். போலி லபுபுகள் எளிதில் பிய்ந்து, அந்தத் துண்டுகள் சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடும் என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. நன்றி, வணக்கம்.