கடைசி ஆளுக்கும் பறவை தெரிய வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

முன்னால் போகிற ஒருவர் முப்பது இனங்களைப் பார்த்துவிட, பின்னால் வந்தவர்களுக்குப் பறந்துபோகும் வால் மட்டும் தெரிந்தால், பறவை பார்க்கும் அந்தக் குழு நடை தோற்றுவிட்டது என்றே சொல்வேன். கடைசி ஆளுக்கும் பறவை தெரிய வேண்டும். இலையுதிர் காலத்து ஆற்றங்கரையில் இது எளிதல்ல.

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் வரிசை நீண்டால், கடைசி ஆள் வந்து சேருமுன் மீன்கொத்தி கிளையை விட்டுப் போயிருக்கும். ஆறு வளையும் இடங்களில் வளைவுக்கு முன்பே நின்று, எல்லோரும் சேர்ந்த பிறகு ஒன்றாகத் திரும்புங்கள். கரையின் உச்சியில் நடக்காதீர்கள். வானத்தின் பின்னணியில் மனித உருவம் வெகுதூரத்துக்குத் தெரியும். காலையில் கிழக்குக் கரையில் நடந்தால் வெயில் முதுகில் விழும், எதிர்க்கரைப் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். நீரைவிடக் காற்று குளிர்ந்திருக்கும் விடியலில் ஆற்றின் மேல் மூடுபனி படரும். அன்று அரைமணி நேரம் தாமதமாகக் கிளம்புவதே நல்லது.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். கிளம்புமுன் ஒவ்வொருவரும் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வலப்பக்க முன்வில்லையைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, அதே பொருளைப் பார்த்தபடி, வலக்கண் பக்கமுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்குவளையை (கண் வைக்கும் பக்கத்து விளிம்பை) உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்தான் பாதி வழியில் "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்பார். குறை அவர் கண்ணில் இல்லை.

பறவையைக் காட்டும்போது "அதோ அந்த மரத்தில்" என்றால் யாருக்கும் விளங்காது. அசையாத அடையாளத்திலிருந்து தொடங்குங்கள்: "சாய்ந்த மரம், அதைக் கடிகாரமாக வைத்தால் இரண்டு மணி, ஓரத்துக் கிளை." பார்ப்பவரும் பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரை மேலே கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்தால் இடம் தவறிவிடும்.

இனி, இந்தப் பருவத்தின் உண்மையான சிக்கல். பாட்டு குறைந்துவிடும், இளம் பறவைகள் கலந்திருக்கும், ஆண் வாத்துகள் இறகு உதிர்த்துப் பெட்டையைப் போலவே இருக்கும். மல்லார்டு என்ற வாத்தினத்தில் ஆணின் பச்சைத் தலையைத் தேடினால் ஏமாறுவோம், அலகைப் பாருங்கள். ஆணுக்கு மஞ்சள் கலந்த பச்சை, பெட்டைக்குக் கருமை படிந்த ஆரஞ்சு. நிறம் கைவிடும்போது நடத்தை துணை நிற்கும். நீரோரச் சேற்றில் மேயும் சிறு பறவைகளான உள்ளான்களைப் பாருங்கள். சாதாரண உள்ளான் ஓயாமல் பின்புறத்தை ஆட்டும்; எழும்பினால் இறக்கையை விறைப்பாக அடித்து நீரை ஒட்டியே பறக்கும், இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியும். பச்சை உள்ளான் பளிச்சென்ற வெள்ளைப் பிட்டத்தோடு உயரக் கிளம்பும், இறக்கையில் கோடே இராது. இரண்டும் எழும்பும் நொடியில்தான் தெளிவாகப் பிரியும். அதனால் உள்ளான் எழும்பும்போது பேச்சை நிறுத்துங்கள்.

மழைக்குப் பின் ஆறு பெருகினால் சேற்றுத் திட்டு மூழ்கும். உள்ளான்கள் வயல்களில் தேங்கிய நீருக்குப் போய்விடும். நீங்களும் அங்கே போங்கள். நீர் அரித்த கரை விளிம்பில் யாரையும் நிற்க விடாதீர்கள். அடியில் மண் இல்லாமலே மேலே புல் இருக்கும்.

கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவைகள் அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அந்த அளவைக் கூட்டம் முழுவதும் நகர்த்துங்கள். இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிடட்டும். குறிப்பை அந்த இடத்திலேயே எழுதுங்கள். இனம் உறுதிப்படவில்லையா, "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் முழுமையான பதிவுதான்.