420 போய்விட்டது! ஆனாலும் சட்ட நூலகர் பழைய புத்தகத்தை ஏன் எடைக்குப் போடுவதில்லை?

(திரையில் "420" என்ற எண் மட்டும் தெரிகிறது.)

ஒருவர் நம்மை ஏமாற்றிவிட்டால் "அவன் சரியான ஃபோர் ட்வென்ட்டி" என்று சொல்வது தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் புழங்கி வரும் பேச்சு. அந்த எண் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவிலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் மொத்தப் பிரிவுகளே 358 தான் என்பதால் 420 என்ற பிரிவு அங்கே கிடையாது. அந்த மோசடிக் குற்றம் 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்குப் போய்விட்டது. கொலைக்கு 302 என்று திரைப்படம் பார்த்தே மனப்பாடம் செய்தவர்கள் நாம். புதிய சட்டத்தில் கொலைக்கான தண்டனை 103-இல் இருக்கிறது. 302-ஐத் திறந்தால், பிறருடைய மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றிய பிரிவு வருகிறது.

அப்படியானால் 511 பிரிவுகள் கொண்ட அந்தப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாமா? போடக் கூடாது. ஏன் போடக் கூடாது என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் காணொளியைத் தயாரித்திருக்கிறேன்.

வணக்கம். சென்னை பாரிமுனைப் பக்கத்தில், அரசுத் தரப்பு வழக்குகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தின் நூலகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சட்ட நூலகர் என்று சொன்னால், "புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பதுதானே உங்கள் வேலை?" என்று கேட்பவர்களே மிகுதி. அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

(திரையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம்.)

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் 1876 முதலும், மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதலும், ஏ.ஐ.ஆர். எனப்படும் ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் 1914 முதலும் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டு வருகின்றன. இவற்றோடு சட்டங்கள், விதிகள், அரசாணைகள், அரசிதழ்கள் எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் நூலகம். வரலாறு இவ்வளவு போதும். இனி விஷயத்துக்கு வருவோம்.

எங்களிடம் வருகிற வழக்கறிஞர் "இதற்குச் சட்டம் என்ன?" என்று கேட்பார். நாங்கள் உடனே திருப்பிக் கேட்பது, "எந்தத் தேதிக்கு?" என்பதுதான். என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஒரு செயல் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் அந்தச் செயல் குற்றமா என்று பார்க்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 20-ஆம் கூறு தந்திருக்கும் பாதுகாப்பு. 2024 ஜூன் 30 இரவு நடந்த திருட்டுக்குப் பழைய புத்தகம், மறுநாள் காலை நடந்த திருட்டுக்குப் புதிய புத்தகம். பழைய சட்டத்தின் கீழ்ப் பதிவான வழக்குகளும் அவற்றின் மேல்முறையீடுகளும் முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இரண்டு புத்தகங்களும் ஒரே மேசையில்தான் இருக்க வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கை ரத்து செய்யக் கோருவதற்கு "ஃபோர் எய்ட்டி டூ" என்று நீதிமன்ற வளாகத்தில் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லிப் பழகியிருந்தார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் அந்த அதிகாரம் 528-ஆம் பிரிவுக்கு மாறிவிட்டது. 482 என்ற எண் காலியாகவும் இல்லை; முன்பு 438-இல் இருந்த முன்ஜாமீன் இப்போது அந்த எண்ணில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு மனுவில் வெறுமனே "பிரிவு 482" என்று எழுதியிருந்தால், எந்தச் சட்டம் என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகவே முடியாது.

(திரையில் ஒரு பழைய பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம். ஓரங்களில் ஒட்டப்பட்ட சீட்டுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன.)

இனி நான் சொல்லப் போவது திருத்தச் சீட்டு பற்றி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்; எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு சட்டம் திருத்தப்பட்டதும் அதன் புதிய பதிப்பு அன்றே அச்சாகி வந்துவிடாது. திருத்தம் அரசிதழில் வரும். அந்த வரிகளை ஒரு சிறு தாளில் தட்டச்சு செய்தோ நறுக்கியோ, புத்தகத்தில் உரிய பிரிவின் மீது ஒட்டுவோம். இதைத்தான் அலுவலகங்களில் கரெக்‌ஷன் ஸ்லிப் என்பார்கள். பசை கூடக் கடையில் வாங்கியதாக இருக்காது; பைண்டிங் செய்பவர் மைதாவைக் காய்ச்சி, ராமபாணப் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காகச் சிட்டிகை மயில்துத்தம் கலந்து ஒரு தகர டப்பாவில் தருவார். கடற்காற்றின் ஈரம் இறங்கும் இந்தப் பகுதியில் அந்தப் பசை காய்வதற்கு வெகு நேரம் ஆகும். அதற்கு முன் புத்தகத்தை மூடினால் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டு. சீட்டின் ஒரு விளிம்பில் மட்டும்தான் பசை தடவ வேண்டும். அப்போது அது கதவு போல் திறக்கும். திறந்தால் அடியில் இருக்கும் பழைய வரியைப் படிக்கலாம். சீட்டின் ஓரத்தில் திருத்தச் சட்டத்தின் எண்ணையும், அது நடைமுறைக்கு வந்த தேதியையும் சிறிய எழுத்தில் குறிக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சீட்டு ஆபத்தானது. எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு காலைப் பொழுதில் நேரில் பார்த்தேன்.

மணி 10 தாண்டியிருந்தது. நீதிமன்றம் 10.30-க்கு அமரும். இளம் வழக்கறிஞர் ஒருவர் கையில் கட்டோடு ஓடி வந்து, "மேடம், நிலம் எடுப்பு கேஸ். சொலேஷியம் 30 பர்சென்ட்தானே? புக்ல அப்படித்தான் இருக்கு, ஒரு வாட்டி பார்த்துச் சொல்லிடுங்க" என்றார். 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. நிலத்தின் சந்தை மதிப்புக்கு மேல், விருப்பமில்லாமல் நிலத்தை இழந்தவருக்குக் கொடுக்கும் ஆறுதல் தொகை அது. அவர் காட்டிய புத்தகத்தில் "முப்பது சதவீதம்" என்ற சீட்டு, நான்கு பக்கமும் பசை தடவி, அடியில் இருந்த வரியை முழுவதும் மூடியபடி ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் தேதி இல்லை.

நான் கேட்டேன், "அவார்டு தேதி என்னங்க?" அவர் கட்டைப் புரட்டினார். இழப்பீட்டை முடிவு செய்த கலெக்டரின் தீர்வமும் (அவார்டு) கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பும் 1981-க்குள்ளேயே முடிந்திருந்தன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் முதலில் இருந்தது 15 சதவீதம். அதை 30 ஆக்கிய 1984-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 1982 ஏப்ரல் 30-க்கும் அந்த நாளுக்கும் இடையில் கலெக்டரோ நீதிமன்றமோ வழங்கிய தீர்வங்களுக்கும் கூடுதல் தொகை உண்டு என்று ஓர் இடைக்கால ஏற்பாடு அந்தத் திருத்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த இடைக்கால ஏற்பாடு பேர் ஆக்டின் 23-ஆம் பிரிவில் வராது. திருத்தச் சட்டத்தையே தனியாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1989-இல் ரகுபீர் சிங் வழக்கில் தீர்த்து வைத்தது. அந்த வாசகத்தையும் தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், 1981-க்குள்ளேயே தீர்வமும் கீழமை நீதிமன்றத் தீர்ப்பும் வந்துவிட்ட இந்த வழக்குக்கு 15 தான் பொருந்தும்.

உள் அலமாரியில் 1984-க்கு முந்தைய பதிப்பு ஒன்று இருந்தது. அட்டை கழன்றுவிட்டதால் முன்னொரு முறை கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, நான் வாதாடித் திரும்ப வாங்கி வைத்த புத்தகம் அது. அதையும் திருத்தச் சட்டத்தையும் தீர்ப்புத் தொகுதியையும் பக்கத்தைக் காட்டும் மூன்று தாள் கொடிகள் செருகிக் கொடுத்தேன். 10.25-க்கு அவர் படியிறங்கி ஓடினார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்று அந்தத் தேதி அரசுக்குச் சாதகமாக அமைந்தது. தீர்வம் 1983-இல் வழங்கப்பட்டிருந்தால் அதே மூன்று புத்தகங்கள் நிலம் இழந்தவர் பக்கம் நின்றிருக்கும். அப்போதும் நான் அவற்றையேதான் எடுத்துக் கொடுத்திருப்பேன். அரசு அலுவலகத்து நூலகர் அரசுக்கு ஏற்ற பக்கத்தை மட்டும் தேடித் தருவது தவறு என்பது என் உறுதியான கருத்து. தனக்கு எதிரான தீர்ப்பை அரசு வழக்கறிஞர் எதிர்த்தரப்பின் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்கும்படி விடுவது நூலகரின் தோல்வி. சொல்லப்போனால், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நிலம் எடுப்புச் சட்டத்தில் அந்த ஆறுதல் தொகை 100 சதவீதம். 15, 30, 100 என்று ஒரே தொகைக்கு மூன்று கணக்குகள். தேதி தெரியாமல் இதில் எதைச் சொன்னாலும் யாரோ ஒருவருடைய பணம் போய்விடும்.

சீட்டு ஒட்டும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை மாற்றின என்பதைப் பசை தடவிய சிறு சீட்டுகளில் அச்சடித்து, வழக்கறிஞர்கள் தங்கள் புத்தகங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதற்காக விற்றிருக்கிறார். இன்று கணினியில் ஒரு தீர்ப்பின் பக்கத்தில் "இது மாற்றப்பட்டுவிட்டது" என்று எச்சரிக்கைக் குறி வருகிறதே, அதன் மூதாதை அந்தப் பசைச் சீட்டுதான். இதைப் படித்த நாளில் என் தகர டப்பாவின் மீது எனக்குத் தனி மரியாதை வந்தது.

(திரையில் 1956-க்கு முந்தைய சென்னை மாகாணத்தின் வரைபடம்.)

தேதிக்கு அடுத்தபடி இடம். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயர் தமிழ்நாடு வனச் சட்டம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969 ஜனவரி 14 அன்று. பழைய சென்னைச் சட்டங்களின் பெயர்கள் பின்னர் மாற்றப்பட்டதால், பழைய தீர்ப்புகளில் அதே சட்டம் மெட்ராஸ் வனச் சட்டம் என்ற பெயரில்தான் கிடைக்கும். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்றும், திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றும் நம்மோடு சேர்ந்தன. ஆகவே நாகர்கோவில் பக்கத்து நிலம் ஒன்றின் பழைய உரிமையைப் பார்க்க வேண்டுமானால், திருவிதாங்கூர்ச் சட்டத் தொகுதி நம் அலமாரியில் இருந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுக்கே வரும் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 அன்று நாடு முழுவதற்குமான திருத்தம் அந்தத் தடை இல்லாமல் வந்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து, தேவையில்லை என்றது. உங்கள் அக்காவுக்கோ அத்தைக்கோ இந்தக் கேள்வி எழுந்திருந்தால், எந்தத் தேதி தடையாக நின்றது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஊர், பெயர் வேண்டாம், ஆண்டு மட்டும் போதும்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கிடைக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட்டது. அந்த ஆண்டே எந்தப் பதிப்பாளரையும் சாராத பொதுவான மேற்கோள் எண்ணையும் கொண்டுவந்தது. ஆனால் அதே 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர், செயற்கை நுண்ணறிவு கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். எங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு சைட்டேஷனையும், அதாவது தீர்ப்பு மேற்கோளையும், தொகுதி, பக்கம், கட்சிக்காரர் பெயர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று திறந்து பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறோம்.

வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக 1931-இல் எழுதியவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 10 மணிக்கு ஓடி வருபவரிடம் 10.25-க்குள் சரியான பக்கத்தைக் கொடுப்பதுதான் எங்கள் வளாகத்தில் அந்த விதிக்குப் பொருள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், வழக்கறிஞராகவோ வருவாய்த் துறையிலோ இருந்த தாத்தாவின் பழைய அரசிதழ்கள், அரசாணைத் தொகுப்புகள், சீட்டு ஒட்டிய சட்டப் புத்தகங்கள் இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் அருகில் உள்ள சட்டக் கல்லூரி நூலகத்திலோ வழக்கறிஞர் சங்க நூலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சீட்டுகளைப் பிய்த்துவிட வேண்டாம், ஒட்டியபடியே கொடுங்கள். அடுத்த காணொளியில் அரசாணைகளின் எண்களைப் படிப்பது எப்படி, "நிலை" என்றும் "வாலாயம்" என்றும் போடுவது எதற்கு என்பதைப் பார்ப்போம்.