விடிந்த பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வணக்கம் நேயர்களே.

இன்றைக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் 'ஸ்கின்ஸ்'. பிரிட்டனில் ஈ4 என்ற சேனலில் 2007 ஜனவரி 25 அன்று ஆரம்பித்து, 2013 ஆகஸ்டில் முடிந்தது. ஏழு சீசன், மொத்தம் 61 எபிசோட். கதை நடக்கும் ஊர் பிரிஸ்டல். இங்கிலாந்தின் மேற்கே, மேடும் பள்ளமுமான ஒரு பழைய துறைமுக நகரம். பிள்ளைகளுக்குப் பதினாறிலிருந்து பதினெட்டு வயது. நம் கணக்கில் சொன்னால் பிளஸ் ஒன், பிளஸ் டூ.

இந்தத் தொடரின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். குடி, போதை, விடிய விடியக் கூத்து. பெயரே அப்படித்தான் அமைந்துவிட்டது. கஞ்சா சுருட்டுகிற மெல்லிய தாளுக்கு அங்கே பேச்சுவழக்கில் 'ஸ்கின்' என்று பெயர். ஒளிபரப்பான காலத்தில், கட்டுக்கடங்காமல் போகும் பார்ட்டிகளுக்கே 'ஸ்கின்ஸ் பார்ட்டி' என்று பெயர் வந்துவிட்டது. பிரான்சுவரை அந்தச் சொல் போனது.

ஆனால் தொடரை வரிசையாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். பார்ட்டி வருவது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் வீடு. அடுத்த நாள் காலை. யாரும் காபி போட்டு வைத்திருக்காத சமையலறை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், அதனால் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஸ்கின்ஸ் பார்க்கும்போது பிள்ளைகள் என்ன குடிக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் எபிசோடின் முதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். டோனி என்ற பையன் கண் விழிக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் தங்கை எஃபி நிற்கிறாள். இரவு முழுக்க வெளியே சுற்றிவிட்டு, கலைந்த மேக்கப்போடு, பார்ட்டி உடையோடு திரும்பி வந்திருக்கிறாள். இப்போது அவளை அப்பா கண்ணில் படாமல் உள்ளே கொண்டுவர வேண்டும். டோனி என்ன செய்கிறான்? பாட்டை அலறவிடுகிறான். அப்பா கத்திக்கொண்டு மாடிக்கு ஓடி வருகிறார். அவர் டோனியின் அறைக்கதவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, கீழே எஃபி சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் பள்ளிச் சீருடையில், ஒன்றும் நடக்காதது போலச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சி வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். அப்பா வீட்டில் இருக்கிறார், குரல் இருக்கிறது, கோபம் இருக்கிறது. மகள் ராத்திரி வீட்டில் படுத்தாளா இல்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. சத்தம் வந்த பக்கம் ஓடுகிறார், சத்தமில்லாத பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எஃபியோ முதல் சீசன் முழுக்க அநேகமாகப் பேசவே மாட்டாள். அந்த வேடத்துக்குத் தேர்வானபோது காயா ஸ்கோடலாரியோவுக்கு வயது 14. ஏறக்குறைய வசனமே இல்லாமல், முகத்தை வைத்தே அவர் அதை நடித்தார். பேசாத பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் அடுத்த மூன்று சீசனுக்கான விதை. அது முதல் ஐந்து நிமிடத்திலேயே விழுந்துவிட்டது.

இது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால், எழுதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடரை உருவாக்கியவர்கள் ஒரு அப்பாவும் மகனும். அப்பா பிரையன் எல்ஸ்லி, அனுபவமுள்ள தொலைக்காட்சி எழுத்தாளர். மகன் ஜேமி பிரிட்டன், அப்போது இருபதை ஒட்டிய வயது. அப்பா யோசித்து வைத்திருந்த கதைகளை மகன் சலிப்பாக இருக்கிறது என்று தள்ளிவிட்டு, பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதச் சொன்னார். அங்கிருந்துதான் ஆரம்பம். எழுத்தாளர் குழுவிலும் இளைஞர்களையே சேர்த்தார்கள். டேனியல் கலூயா அந்தக் குழுவில் இருந்தார், தொடரில் சின்ன வேடத்தில் நடிக்கவும் செய்தார். 2021இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியவர் அவரேதான். ஜேக் தார்ன் இதில் எழுதினார். 2025இல் உலகமே பேசிய 'அடலசன்ஸ்' தொடரை எழுதிய இருவரில் ஒருவர் அவர். பதின்பருவத்துப் பிள்ளையின் மூடிய அறைக்கதவுக்கு வெளியே திகைத்து நிற்கும் பெற்றோர் என்றால், அந்தக் கதவு ஸ்கின்ஸிலேயே இருக்கிறது.

நடிகர்களும் அப்படித்தான். இருபத்தைந்து வயதுக்காரர்களைப் பள்ளிச் சீருடை போட்டு நிறுத்தும் வழக்கத்தை உடைத்து, அந்தந்த வயதுப் பிள்ளைகளையே எடுத்தார்கள். டோனியாக நடித்த நிக்கலஸ் ஹோல்ட் ஏற்கெனவே நடித்துப் பெயர் வாங்கியவர். தேவ் படேல் அப்படியில்லை. செய்தித்தாளில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவருடைய அம்மாதான் அவரைத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கின்ஸில் அவரைப் பார்த்துவிட்டு இயக்குநர் டேனி பாயிலின் மகள் அப்பாவிடம் சொல்ல, 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்துக்கு அவர் போனார். அந்தப் படம்தான் நம் ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கரைக் கொண்டுவந்தது. எங்கோ பிரிஸ்டலில் எடுத்த தொடருக்கும் சென்னைக்கும் இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

சரி, கட்டமைப்புக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பிடித்த இடம், கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஒரு எபிசோட், ஒரு ஆள். ஒரு வாரம் டோனி, அடுத்த வாரம் காஸி, அதற்கடுத்து ஜால். அந்த வாரம் யாருடையதோ அவர் கண் வழியாகத்தான் நாம் பார்ப்போம். மற்ற எபிசோட்களில் ஓரமாக நின்று ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டுப் போகிறவன் வீட்டுக்குள், அவன் முறை வரும்போது நுழைகிறோம். நுழைந்ததும் அந்த நகைச்சுவை ஏன் என்று புரிந்துவிடும்.

கிறிஸ் என்று ஒருவன். கூட்டத்திலேயே பெரிய விளையாட்டுப் பிள்ளை, எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் போடுகிறவன். முதல் மூன்று எபிசோட் வரை நமக்கு அவன் வெறும் கோமாளி. நான்காவது எபிசோடில் அவன் வீடு. அம்மா ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, உறையில் பணத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பணம் இருக்கிற வரை கொண்டாட்டம், வீடு நிறைய ஆட்கள். கடைசியில் அந்த வீட்டிலிருந்தே வெளியே தள்ளப்பட்டு, உடம்பில் துணிகூட இல்லாமல் தெருவில் நிற்கிறான். அந்தப் பார்ட்டியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் கூத்து. அந்தச் சீட்டைப் படித்துவிட்டுப் பார்த்தால், வெறும் வீட்டில் தனியாக இருக்கப் பயந்த ஒரு பையன் ஆட்களைக் கூப்பிட்டு வீட்டை நிரப்பிக்கொண்டது தெரியும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

இந்தக் கட்டமைப்பில் இன்னொரு நன்மை, செய்ததற்கு விலை உண்டு. ஆனால் செய்தவன் அல்ல, வேறொருவர் கொடுப்பார். முதல் எபிசோடில் சிட் என்ற பையன் டோனி பேச்சைக் கேட்டு ஒரு வியாபாரியிடம் கஞ்சாவைக் கடனுக்கு வாங்குகிறான். அன்றிரவே அவர்கள் போன கார் தண்ணீரில் மூழ்கிவிடுகிறது, சரக்கும் போய்விடுகிறது. பார்க்கிற நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடன் மறக்கவில்லை. மூன்றாவது எபிசோடில் அந்த வியாபாரி இசை ஆசிரியர் வேடத்தில் கல்லூரிக்கே (பிள்ளைகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர்) வந்து, ஜாலின் கிளாரினெட்டை உடைக்கிறான். இளம் இசைக் கலைஞர் போட்டிக்காக உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறவள் அவள். கஞ்சாவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு எபிசோடின் வேடிக்கை இன்னொரு எபிசோடின் துக்கமாக வந்து விழுகிறது. யாரும் உபதேசம் செய்யவில்லை. உடைந்த கிளாரினெட்டைக் காட்டினார்கள், போதும்.

பெற்றோர் வேடங்களுக்கு யாரை எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். டோனியின் அப்பா ஹாரி என்ஃபீல்ட், அவன் நண்பன் மாக்ஸியின் அப்பா பில் பெய்லி. இருவரும் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த நகைச்சுவைக் கலைஞர்கள். சிட்டின் அப்பா பீட்டர் கபால்டி, பின்னால் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் கற்பனைத் தொடரில் நாயகனான 'டாக்டர்' வேடத்தில் வந்தவர். பிள்ளைகளுடைய கண்ணுக்குப் பெரியவர்கள் கேலிச்சித்திரம் போலத்தான் தெரிவார்கள், அதற்கு நகைச்சுவைக்காரர்கள் பொருத்தம். பிறகு ஒரு நாள் அந்தக் கேலிச்சித்திரத்துக்குள் மனிதன் தெரிகிறான். அப்போது அடி பலமாக விழும்.

இரண்டாம் சீசன், மூன்றாவது எபிசோட். சிட்டின் அப்பா எப்போது பார்த்தாலும் நாற்காலியில் சாய்ந்தபடி மகனைத் திட்டிக்கொண்டிருக்கிறவர். ஸ்காட்லாந்திலிருந்து அவருடைய அப்பா வருகிறார். அந்தக் கிழவர் மகனை நடத்துகிற விதத்தைப் பார்க்கும்போதுதான், சிட்டுக்கு அந்தத் திட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நமக்குப் புரிகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிட்டின் அப்பா தன் அப்பாவை எதிர்த்துப் பேசுகிறார். அன்றிரவு மகனோடு கனிவாக இரண்டு வார்த்தை பேசுகிறார். காலையில் சிட் வந்து பார்த்தால், அதே நாற்காலியில் அப்பா இறந்துகிடக்கிறார்.

சிட் என்ன செய்கிறான்? கல்லூரிக்குப் போகிறான். யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்க வழக்கம்போல நடமாடுகிறான். ராத்திரி ஒரு கிளப்பில், காது கிழியும் இசைக்கு நடுவே, கூட்டம் குதித்துக்கொண்டிருக்கும்போது, டோனியைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுகிறான். அந்த டோனி யார்? முதல் சீசன் கடைசியில் பஸ் மோதி மூளையில் அடிபட்டு, எழுதக்கூடத் தடுமாறிக்கொண்டிருப்பவன். கூட்டத்திலேயே பலவீனமானவன் மேல்தான் அவன் சாய்கிறான். அந்தக் கிளப் காட்சியைத் தனியாகப் பார்க்கிறவர்கள் 'பாருங்கள், எப்படி ஆடுகிறார்கள்' என்பார்கள். ஒரு பையன் தகப்பனுக்கு அழுத இடம் அது.

கிறிஸ் இரண்டாம் சீசனில் சாகிறான். அத்தனை மாத்திரை போட்டவன், போதையில் செத்தான் என்று முடித்திருந்தால் எழுதுவது சுலபம். ஸ்கின்ஸ் அதைச் செய்யவில்லை. அவன் குடும்பத்திலேயே ஓடிய ஒரு கோளாறு, மூளையில் ரத்தக்கசிவு. அவன் அண்ணனும் அதில்தான் போனான். ஒழுக்கக் கணக்குப் போட்டுப் பிள்ளையைத் தண்டிக்க மறுத்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே இந்த எழுத்தாளர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வீடுகள் எல்லாமே வெறுமையாக இருந்தன என்றும் சொல்லிவிடக் கூடாது. முதல் சீசனின் கடைசி எபிசோட், அன்வரின் பிறந்தநாள். தேவ் படேல்தான் அன்வர், முஸ்லிம் குடும்பத்துப் பையன். அவனுடைய உயிர்த்தோழன் மாக்ஸி தன்பாலீர்ப்புள்ளவன். 'உன் வீட்டில் என்னைப் பற்றி உண்மையைச் சொல், அப்போதுதான் உள்ளே வருவேன்' என்று வெளியே நிற்கிறான். அன்வரின் அப்பா வெளியே வருகிறார். அன்வர் தயங்கித் தயங்கிக் கடைசியில் சொல்லிவிடுகிறான். அப்பா காதில் விழாதது போலப் பேச்சைத் தொடர்கிறார். நமக்கு மூச்சு நிற்கிறது. பிறகு நிதானமாகச் சொல்கிறார். உலகம் குழப்பமானது. எனக்கு என் கடவுள் இருக்கிறார், அவர் தினமும் என்னோடு பேசுகிறார். சில விஷயம் எனக்குப் புரியவில்லை, அதை அப்படியே விட்டிருக்கிறேன், ஒரு நாள் புரியவைப்பார். இந்தக் கருத்தில் சொல்லிவிட்டு மாக்ஸியையும் விருந்துக்குக் கூப்பிடுகிறார். தன் நம்பிக்கையையும் விடவில்லை, பிள்ளையின் தோழனையும் விடவில்லை. தொடரிலேயே பெரிய மனிதர் யார் என்று கேட்டால், சில நிமிடங்களே வந்த அவரைத்தான் சொல்வேன்.

குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு சீசனுக்கு ஒருமுறை ஏறக்குறைய மொத்தக் கூட்டத்தையும் மாற்றினார்கள்; டோனியின் தங்கை எஃபி அடுத்த கூட்டத்தில் முக்கியமானவளாகத் தொடர்ந்தாள். பிள்ளைகள் கல்லூரி முடித்துப் போய்விடுவார்கள் என்பதால் அது நியாயம், துணிச்சலும்கூட. ஆனால் நான்காவது சீசனில், எஃபிக்குச் சிகிச்சை தர வந்த ஒருவரே அவள் காதலன் ஃப்ரெடியைக் கொன்றுவிடுகிறார். எனக்கு அங்கே தொடர் சறுக்கிவிட்டது. அதுவரை துன்பமெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது, நட்புக்குள்ளிருந்து வந்தது. வெளியிலிருந்து ஒரு வில்லனைக் கொண்டுவந்ததும், எஃபி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியே காணாமல் போய்விட்டது. 2011இல் அமெரிக்காவில் எம்டிவி எடுத்த மறுவடிவத்தின் கதையும் அதுதான். விளம்பரதாரர்கள் விலகினார்கள், பத்து எபிசோடோடு நின்றது. பார்ட்டி அங்கேயும் இருந்தது. வீடு அந்த அளவுக்கு இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இசையைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒளிபரப்பில் வந்த பாடல்கள் பல, உரிமப் பிரச்சினையால் டிவிடியில் மாறிவிட்டன. நீங்கள் பார்க்கும் பிரதியில் ஒரு காட்சிக்குப் பாட்டு ஒட்டவில்லை என்று தோன்றினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: முதல் இரண்டு சீசனும் சேர்ந்து 19 எபிசோட். அதை ஒரே நாவலாக நினைத்து வரிசையாகப் பாருங்கள், நடுவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வயது வந்தவர்களுக்கான தொடர் இது. காஸியின் கதையில் சாப்பிட மறுக்கும் நோய் வருகிறது, தற்கொலை முயற்சி வருகிறது. வீட்டில் அப்படி ஒரு வேதனை இருக்கிறவர்கள் தெரிந்துகொண்டு பாருங்கள். ஏழாவது சீசனில் காஸி மறுபடி வருகிறாள், இருபதுகளில், லண்டனில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டு. அதைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.