மொட்டா, பூவா?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். சாக்கை அவிழ்த்துக் கொட்டினால் மல்லிகை அத்தனையும் மொட்டாக இருக்கும். விரிந்து கிடந்தால் வியாபாரி முகம் சுளிப்பார், விலை இறங்கிவிடும். அதே மொட்டைத் தொடுத்துத் தலையில் வைத்துப் பொழுது சாய்ந்தால் பூவாகிவிடும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூதான். ஆனாலும் இது மொட்டா, பூவா என்று யாராவது கேட்டால், ‘எப்போது?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

அந்த ‘எப்போது’ என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் இன்றைய பேச்சு.

நான் கல்லூரியில் தத்துவம் நடத்தியவன். வருஷா வருஷம் முதல் வாரத்திலேயே ஒரு பையன் எழுந்து நிற்பான். “சார், உண்மைன்னு பொதுவா ஒண்ணு கிடையாது சார். உங்களுக்கு உங்க உண்மை, எனக்கு என் உண்மை.” கேட்க நயமாக இருக்கும், அடுத்தவரை மதிப்பது போலவும் இருக்கும். இதற்குச் சார்புவாதம் என்று பெயர். (ஐன்ஸ்டைனின் சார்பியலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்று அடித்துச் சொன்னவர் அவர்.) கிரேக்கத்தில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே புரோட்டகோரஸ் என்ற தத்துவவாதி, எல்லாவற்றுக்கும் மனிதனே அளவுகோல் என்றார். பிளேட்டோ அதை மடக்கினார்: புரோட்டகோரஸ் சொன்னது தவறு என்று ஒருவன் நினைத்தால், அவனுக்கு அது தவறுதானே? நானும் அதையே கேட்டுப் பையனின் வாயை அடைத்திருக்கிறேன். வாயை அடைத்தேனே தவிர, அவன் மனசை மாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். ஏதோ சூழ்ச்சி செய்து வாத்தியார் ஜெயித்துவிட்டார் என்ற பார்வையோடு உட்கார்ந்துவிடுவான்.

எனக்கு வேறு வழி காட்டியவர் பிமல் கிருஷ்ண மதிலால் என்ற தத்துவப் பேராசிரியர். 1935-இல் வங்காளத்தில் பிறந்தவர். நியாய சாஸ்திரம் என்னும் இந்தியத் தர்க்கத்தை ஊரில் பண்டிதர்களிடமும், மேற்கத்தியத் தர்க்கத்தை ஹார்வர்டிலும் கற்றார். 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டில், கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர் ஆனார். ராதாகிருஷ்ணன் முதலில் அமர்ந்த நாற்காலி அது. 1991-இல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்தியத் தத்துவம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு மோட்சம் தேடுவது என்று நினைத்தவர்களிடம், ‘அறிவு எப்படி வருகிறது, பிழை எப்படி நேர்கிறது என்று இவர்கள் ஆயிரம் வருஷம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதையும் கொஞ்சம் படியுங்கள்’ என்று ஆதாரத்தோடு காட்டினார்.

1981-இல் சமணர்களின் அனேகாந்தவாதம், அதாவது எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு என்ற கொள்கை, பற்றி அவருடைய சிறு நூல் ஒன்று வந்தது. உலகம் நிலையானதா, நிலையற்றதா? இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் புத்தர் பதில் சொல்லாமல் விட்டுவிட்டார். மகாவீரரோ இரண்டுக்கும் ஆமாம் என்றார். ஒரு வகையில் நிலையானது, இன்னொரு வகையில் நிலையற்றது. இந்த ‘ஒரு வகையில்’ என்பதைத்தான் சமணர்கள் ‘ஸ்யாத்’ என்பார்கள். சாதாரண வடமொழியில் அதற்கு ‘இருக்கலாம்’ என்று பொருள். அதை வைத்துக்கொண்டு, சமணர்கள் எதையும் உறுதியாகச் சொல்லாத மழுப்பல்காரர்கள் என்று கேலி செய்தவர்கள் உண்டு. மதிலால் இதை மறுக்கிறார். அது சந்தேகச் சொல் இல்லை, நிபந்தனைச் சொல். எந்தப் பொருள், எந்த இடம், எந்தக் காலம், எந்த நிலை என்று நான்கையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது.

நம் மல்லிகையில் வைத்துப் பார்ப்போம். ‘இது மொட்டு’ என்பது அரைகுறைப் பேச்சு. ‘காலை ஐந்து மணிக்கு, மாட்டுத்தாவணியில் இது மொட்டு’ என்று சொல்லிவிட்டால், அது எனக்கும் உண்மை, உங்களுக்கும் உண்மை, சென்னையில் இருப்பவருக்கும் உண்மை. ஆளுக்கு ஆள் மாறாது. ‘இது கனகாம்பரம்’ என்பது மட்டும் எந்த வகையிலும் உண்மையாகாது. சார்புவாதி ‘எனக்கு’ என்ற சொல்லைக் கொண்டுபோய் உண்மையின் தலையில் கட்டுகிறான். சமணன் ‘எப்போது, எங்கே’ என்பதைப் பேச்சுக்குள்ளேயே வைக்கிறான். என் வகுப்புப் பையன் இதைக் கேட்டபோது சும்மா உட்காரவில்லை. “அப்ப அந்த அனேகாந்தமும் ஒரு வகையிலதான் உண்மையா சார்?” என்றான். நல்ல கேள்வி. சமந்தபத்திரர் என்ற சமண ஆசிரியரே பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, ஆமாம், அனேகாந்தத்துக்கும் அனேகாந்தம் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி தரவில்லை.

1989-இல் வந்த ஒரு கட்டுரையில் மதிலால் ஒழுக்கத்தின் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒவ்வொரு நியாயம், வெளியாள் கேள்வி கேட்கக் கூடாது என்கிறார்களே, அது எடுபடுமா? பண்பாடுகள் மூடி போட்ட டப்பாக்கள் இல்லை, ஒன்றோடொன்று மோதியும் கலந்தும்தான் உயிரோடு இருக்கின்றன என்பது அவர் வாதம்.

மதுரைக்காரனுக்கு இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். சம்பந்தரும் சமணர்களும் செய்த அனல்வாதம், புனல்வாதம் பற்றிப் பெரியபுராணம் சொல்வது நமக்குத் தெரியும். ஏட்டை நெருப்பில் இட்டார்கள், வைகையில் விட்டார்கள், எதிர்நீச்சல் போட்ட சம்பந்தரின் ஏடு திருவேடகத்தில் கரை சேர்ந்தது. நெருப்பும் ஆறும் தத்துவத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் ஒரே நெருப்பை ஒப்புக்கொள்கிறார்கள், ஒரே ஆற்றை ஒப்புக்கொள்கிறார்கள். உனக்கு உன் வைகை, எனக்கு என் வைகை என்று ஒருவரும் சொல்லவில்லை. சண்டை போடவே ஒரு பொதுக் களம் வேண்டியிருக்கிறது.

போன மாதம் கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் போயிருந்தேன். அங்கே செட்டிப்புடவு என்ற குகையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் குரு; கீழே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து. ஊரார் அவரைச் செட்டியார் என்றதால்தான் அந்தக் குகைக்கே செட்டிப்புடவு என்று பெயர். ஊர் அப்படி அழைக்கிறது என்பது உண்மை. உளி செதுக்கியது தீர்த்தங்கரரை என்பதும் உண்மை. உளி செதுக்கியது ஒரு செட்டியாரை என்றால் அது பொய். மனசுக்குள் இப்படிப் பிரித்துக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்தில் அய்யனார் கோயில் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், “மேல இருக்கிறது யாரு சாமி?” என்று கேட்டேன்.

“படிச்சவுக நீங்க, என்ன பேரு வேணாலும் சொல்லிக்கங்கய்யா. சாமி மலையில செருப்போட ஏறிட்டு வந்திருக்கீகளே, அதச் சொல்லுங்க.”

குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இருந்தது.

வணக்கம்.