மரச்சாமானோடு பூத்தையலையும் சேகரித்தல்

நேயர்களுக்கு வணக்கம். இயந்திர உற்பத்திக்கு மாற்றாகக் கைவினையைப் போற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கக் காலத்து மரச்சாமான்களை வாங்குபவர்கள் மரத்தையும் அதன் இணைப்புகளையும் நுணுகி ஆராய்ந்துவிட்டு, கூடவே வந்த பூத்தையல் துணியைப் பழந்துணியாகக் கருதிக் கழற்றிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த இயக்கத்தினர் அறை முழுவதையும் ஒரே படைப்பாகவே எண்ணினார்கள்.

இங்கிலாந்தில் அந்த இயக்கத்தின் முன்னோடி வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1860இல் குடியேறிய ‘சிவப்பு இல்லம்’ (ரெட் ஹவுஸ்) என்ற வீட்டுக்காக, அவரும் மனைவி ஜேனும் நீலக் கம்பளித் துணியில் டெய்சி மலர்களைத் தைத்துத் திரைச்சீலைகள் செய்தார்கள். மறு ஆண்டு தொடங்கிய அவரது நிறுவனத்தில் நாற்காலிகளுக்கு நிகரான இடம் பூத்தையலுக்கும் இருந்தது. 1885இல் அந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்றபோது மகள் மே மாரிஸுக்கு வயது 23தான். கணப்புக்கு முன்னால் வைக்கும் தட்டிகள், மடக்குத் தட்டிகள் ஆகியவற்றின் மரச்சட்டத்துக்குள் பொருத்தும் பூத்தையல்களை அவர் வடிவமைத்தார். இங்கிலாந்தின் லீக் நகரில் எலிசபெத் வார்டில் 1879இல் நிறுவிய பூத்தையல் சங்கத்தின் பெண்களோ, இந்தியாவிலிருந்து சென்ற டஸ்ஸர் பட்டின் மீதே தைத்தார்கள். நம் நாட்டுக் காட்டுப் பட்டுக்கு அங்கே கிடைத்த அந்த மதிப்பை நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் மரச்சாமான் தயாரிப்பாளர் குஸ்டாவ் ஸ்டிக்லி, அம்மோனியா ஆவியில் நிறமேற்றிய ஓக் மரச்சாமான்களோடு லினன் திரைகளையும் மேசை விரிப்புகளையும் விற்றார். உருவம் அச்சிட்ட துணியையும் நூலையும் வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. மாரிஸ் நிறுவனமும் அவ்வாறே விற்றதால், வடிவம் புகழ்பெற்றவருடையதாக இருந்தாலும் தைத்த கை பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் கருதவில்லை. தம் கையால் செய்வதில் மனிதருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைத்தானே அந்த இயக்கம் போற்றியது!

வாங்குமுன் துணியின் பின்புறத்தைப் பார்க்க முடிந்தால் அவசியம் பாருங்கள். வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் நூலின் தொடக்க கால நிறம் பெரும்பாலும் தங்கியிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் பளிச்சென்று இருந்தால், பிற்காலத்தில் தைத்துப் பொருத்தியதா என்று விசாரிப்பது நல்லது. சட்டத்தின் ஓரத்தில் பழைய ஆணித் துளைகளும் புதிய துளைகளும் கலந்திருந்தால், துணி ஒரு முறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

பாதுகாப்பில் முதல் எதிரி வெளிச்சம். அருங்காட்சியகங்கள் இத்தகைய துணிகளுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியையே அனுமதிக்கின்றன. மங்கிய சாயத்தை எந்த முறையாலும் மீட்க முடியாது. கம்பளி நூலை அந்துப்பூச்சி அரிக்கும், பழம்பட்டு மடித்த இடத்தில் கீறும். ஆகவே வீட்டில் துவைப்பதோ இஸ்திரி போடுவதோ கூடாது. சட்டத்தில் இனி நிற்காத அளவுக்குத் துணி நைந்துவிட்டால், அமிலமற்ற தாளில் சுற்றி, மடிக்காமல் பெட்டியில் கிடத்தி வைத்து, சட்டத்தில் எளிய லினன் துணியைப் பொருத்துங்கள். அந்தச் சட்டத்தைப் பிறருக்கு விற்கும் நாள் வந்தால், பெட்டியையும் அதனுடனேயே கொடுத்துவிடுங்கள்.